சித்தியோடு நடப்பதா, சித்திக்காக நடப்பதா?

மார்பகப் புற்றுநோய் எங்கள் குடும்பத்துக்குள் இரண்டு முறை வந்தது. முதல் முறை பெரியம்மாவைக் கொண்டுபோனது. சித்தியிடம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளாக எலும்பில் இருக்கிறது. மாத்திரையாலும் ஊசியாலும் கட்டுக்குள் நிற்கிறது. இந்நோய்க்கான விழிப்புணர்வு மாதமான அக்டோபர் நெருங்கினால் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்: "இந்த ஆண்டு நிதி திரட்டும் நடைக்குப் போகலாமா?" போகலாம் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எந்த நடை, எவ்வளவு தூரம், திரட்டும் பணம் யாருக்கு என்பதில்தான் குழு இரண்டுபடும்.

தம்பிக்கு நாள்கணக்கில் நடந்தால்தான் நடை. அக்காவுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் திரளும் 5 கிலோமீட்டர் நடை. நான் அதையும் நடந்திருக்கிறேன், இரண்டு நாள் நடையையும் முடித்திருக்கிறேன் என்பதால் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சித்தி எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ஒரே வரி எழுதினார்: "என்னோடு நடக்கப் போகிறீர்களா, எனக்காக நடக்கப் போகிறீர்களா?"

சித்தி ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மூன்றாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அந்த வரியைப் பார்த்த பிறகுதான் எங்கள் சண்டையே தவறான இடத்தில் நடக்கிறது என்று புரிந்தது. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்பதால் நான் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அக்காவின் 5 கிலோமீட்டர். இவ்வகை நடைகளின் வரலாறு ஒரு தங்கையின் துக்கத்தில் தொடங்குகிறது. சூசன் கோமன் 1980இல் தம் 36ஆம் வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். தங்கை நான்சி பிரிங்கர் 1982இல் அக்காவின் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, மறு ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஓட்டம் ஒன்றை நடத்தினார். வந்தவர்கள் 800 பேர். பிரிட்டனில் 'ரேஸ் ஃபார் லைஃப்' 1994இல் லண்டன் பாட்டர்சீ பூங்காவில் 680 பேரோடு தொடங்கியது. இரண்டும் பின்னாளில் ஊர் ஊராகப் பரவின. பரவாமல் என்ன செய்யும்? பயிற்சி வேண்டாம், லீவு வேண்டாம், ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தள்ளுவண்டியில் குழந்தை, கைத்தடியோடு தாத்தா என்று வீடே கிளம்பி வரலாம். தனிமையில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, இத்தனை பேர் வீட்டிலும் இந்நோய் உண்டு என்று கண்ணால் பார்ப்பதே ஒரு தெம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தார்கள். எண்ணாகப் படிக்கும்போது மனத்தில் ஏறாத ஒன்று, முதுகில் ஆளுக்கொரு பெயரை ஒட்டிக்கொண்டு நடக்கும் கூட்டத்தின் நடுவே நிற்கும்போது ஏறிவிடுகிறது.

இவ்வளவும் உண்மை. ஆனால் சித்தியை அழைத்துக்கொண்டு அப்படி ஒரு நடைக்குப் போன அனுபவத்தையும் சொல்ல வேண்டும். அப்போது அவருக்குக் கீமோ முடிந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பாக்ளிடாக்செல் போன்ற மருந்துகள் கைகால் விரல்களின் நரம்புகளைத் தாக்கி மரத்துப்போகச் செய்யும். சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் போகாது. எங்களுக்கு அது காதில் விழுந்த செய்தியாக இருந்ததே தவிர, அறிவில் ஏறியிருக்கவில்லை. நடை முடிந்து வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றிவிட்டபோது, சித்தியின் இடது குதிகாலுக்கு முன்னால் துணி சிவந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஷூவைக் கவிழ்த்தேன். மிளகளவு கல் ஒன்று விழுந்தது. எத்தனை கிலோமீட்டர் அதன் மேல் நடந்தாரோ, அவருக்கே தெரியவில்லை. "வலித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் விதி: கிலோமீட்டருக்கு ஒரு முறை உட்கார்ந்து ஷூவை உதறிப் பார்க்க வேண்டும்.

5 கிலோமீட்டர் நடையில் அதற்கு வசதி இல்லை என்பதுதான் சிக்கல். புறப்படும் இடம் ஒன்று, முடியும் இடம் வேறு. நடுவில் உட்கார்ந்தால் கூட்டம் கடந்துபோய்விடும். பின்னால் தன்னார்வலர்கள் தடுப்புகளை எடுத்துக்கொண்டே வருவார்கள். யாரும் விரட்டுவதில்லைதான். ஆனாலும் நோயாளிக்குத் தம்மால் எல்லோருக்கும் தாமதம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இன்னொன்று மேடை. ஒலிபெருக்கியில், "நோயை வென்றவர்கள் எல்லோரும் முன்னால் வாருங்கள்" என்றார்கள். சித்தி அன்று போனார், கைதட்டல் வாங்கினார். இன்று அழைத்தால் போக மாட்டார். எலும்புக்குப் பரவிய பிறகு முழுக்கக் குணமாகும் பேச்சுக்கு இடமில்லை. கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழ்வதுதான் சிகிச்சை. "ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அதற்குள் எதற்குப் பரிசளிப்பு?" என்பது அவர் வாதம். பதிவுப் படிவத்திலும் இதே இடைஞ்சல் உண்டு. 'நினைவாக' என்று ஒரு கட்டம், 'வென்றவரைப் போற்றி' என்று ஒரு கட்டம். நோய் வேறு உறுப்புக்குப் பரவிய நான்காம் நிலையில் மருந்தோடு வாழ்கிறவர்களுக்குக் கட்டமே இல்லை. உங்கள் வீட்டில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து, மேடைப்பேச்சு தெம்பாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். பெயர் பதிவதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

தம்பியின் நீண்ட நடை முற்றிலும் வேறு ரகம். கோமன் அமைப்பின் மூன்று நாள் நடை 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். ஏவான் என்ற அழகுசாதன நிறுவனம் 2003 முதல் 2017 வரை நடத்திய இரண்டு நாள் நடை 39 மைல். லண்டனில் 'மூன்வாக்' என்று நள்ளிரவில் மாரத்தான் தூரம் நடக்கிறார்கள், அலங்கரித்த உள்ளாடையைச் சட்டைக்கு மேலாகவோ சட்டையே இல்லாமலோ அணிந்துகொண்டு. அதைத் தொடங்கிய நீனா பரோ 1996இல் நியூயார்க் மாரத்தானை இப்படித் தோழிகளோடு நடந்து பணம் திரட்டியபோது அவருக்கு இந்நோய் இல்லை. அதன் பிறகுதான் அவருக்கே கண்டறியப்பட்டது.

பெரியம்மா போன மறு ஆண்டு நான் இரண்டு நாள் நடைக்குப் போனேன். நான்கு மாதம் பயிற்சி. சனிக்கிழமை நீளமாக, ஞாயிற்றுக்கிழமை அதே களைத்த காலோடு கொஞ்சம் குறைவாக. உடம்புக்கு இரண்டாம் நாளைப் பழக்குவதுதான் இதில் உள்ள வித்தை. பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு போனது என் முட்டாள்தனம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஈரத்துணி தோலைத் தேய்க்கும், பகலுக்குள் கொப்புளம் எழும்பிவிடும். செயற்கை இழைக் காலுறை, அரை அளவு பெரிய ஷூ, ஒட்ட வெட்டிய நகம், விரல் இடுக்கில் வாஸ்லின். இந்த நான்கையும் முன்பே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு கால்நகங்கள் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் இரண்டாம் நாள் காலையை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். பேச்சு வற்றிப்போய், பக்கத்தில் வருபவரின் மூச்சு மட்டும் கேட்கும் நேரம் அது. எனக்குப் பக்கத்தில் நடந்த ஒரு பெண்ணின் முதுகில் 'அம்மா' என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்று மணி நேரம் அருகருகே நடந்தோம், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பெரியம்மாவின் கடைசி மாதங்களில் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்தச் சாலையில்தான் இறக்கி வைத்தேன். இறந்தவருக்காக நடக்கும்போது தூரம் வேண்டும் என்று நான் நம்புவது அதனால்தான். ஒன்றேகால் மணி நேரத்தில் அழக்கூட நேரம் போதாது. உயிரோடு இருப்பவர் கதை வேறு. நீங்கள் நான்கு மாதம் பயிற்சி என்று வார இறுதிகளில் காணாமல் போகும்போது, சித்தி மருத்துவமனைக்கு யாரோடு போவார்? அவருக்காக நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர் பக்கத்தில் இல்லாமல் போகும் கூத்து இதில் எளிதாக நடந்துவிடும். என் தம்பிக்கு இதைச் சொன்னபோது முகம் சுருங்கியது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனிப் பணம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீண்ட நடைகள் தலைக்கு இவ்வளவு திரட்டியாக வேண்டும் என்று குறைந்தபட்சம் வைக்கின்றன. கோமன் மூன்று நாள் நடையில் அது நெடுங்காலம் 2,300 டாலர். 5 கிலோமீட்டர் நடைகள் பலவற்றில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆகவே ஓர் ஆள் திரட்டுவதில் நீண்ட நடைதான் முந்தும். அதே சமயம் செலவும் அதிகம்: கூடாரம், குளியலறை வண்டி, மருத்துவக் குழு, வழியெல்லாம் தண்ணீர், காவலர். இதைச் சுற்றி ஒரு பழைய சர்ச்சையே இருக்கிறது. 2002 வரை ஏவானுக்காக மூன்று நாள் நடைகளை நடத்தித் தந்தது டான் பலோட்டாவின் நிறுவனம். விளம்பரத்துக்கும் ஏற்பாட்டுக்கும் இவ்வளவு பணமா என்று விமர்சனம் கிளம்பியது, உறவு முறிந்தது, நிறுவனம் மூடப்பட்டது. டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் 2013இல் ஆற்றிய உரையில் பலோட்டா தம் தரப்பைச் சொன்னார்: செலவெல்லாம் போக 2002இல் ஆராய்ச்சிக்குக் கிடைத்த தொகை 7.1 கோடி டாலர், தாம் விலக்கப்பட்ட மறு ஆண்டில் அது 84 சதவீதம் சரிந்தது. அவர் சொல்வதில் அவருடைய தன்னலமும் கலந்திருக்கும் என்பதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், ஒரு நியாயம் மிச்சமிருக்கிறது. 'எத்தனை சதவீதம் செலவு' என்பது பாதிக் கேள்விதான். 'மிஞ்சியது எவ்வளவு' என்பது மறுபாதி. நான் மூன்றாவதாக ஒன்றையும் கேட்பேன்: மிஞ்சியது எதற்குப் போகிறது? விழிப்புணர்வுக்கா, ஆராய்ச்சிக்கா, நோயாளியின் மருந்துச் செலவுக்கா? ஆராய்ச்சி என்றால், அதில் பரவிய நோய்க்கு எவ்வளவு? சித்தி இருக்கும் வீட்டில் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத அமைப்புக்குப் பணம் திரட்ட எனக்கு மனம் வராது.

இந்நோய் விழிப்புணர்வின் அடையாள நிறமான இளஞ்சிவப்பைக் கண்டவுடன் மயங்கிவிட வேண்டாம் என்பதற்கும் ஒரு குடும்பக் கதை உண்டு. பாட்டி, சகோதரி, மகள் மூவருக்கும் இந்நோய் வந்த சார்லட் ஹேலி என்ற அமெரிக்கப் பெண், தம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீச் நிற நாடாக்களைச் செய்தார். தடுப்புக்கு அரசு ஒதுக்கும் பணம் மிகச் சொற்பம் என்று எழுதிய அட்டையோடு சேர்த்து விநியோகித்தார். 1992இல் ஒரு பெண்கள் பத்திரிகையும் அழகுசாதன நிறுவனமும் அந்த நாடாவைக் கேட்டபோது, வணிக வாடை அடிக்கிறது என்று மறுத்துவிட்டார். அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். இன்று உலகம் அறிந்தது இளஞ்சிவப்பு நாடாவைத்தான். அட்டையில் இருந்த கோரிக்கை காணாமல் போய்விட்டது.

யாருடைய ஏற்பாடும் இல்லாமல் நாமே நடப்பது மூன்றாவது வழி. கட்டணம் இல்லை, கூட்டம் இல்லை, மேடை இல்லை. நாளை நாமே வைத்துக்கொள்ளலாம். அக்டோபராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்கேன் முடிவு வந்த மறுவாரம் நடக்கலாம், பெரியம்மா பிறந்த நாளில் நடக்கலாம். பணத்தை மட்டும் கையில் வாங்காதீர்கள். உறவுக்குள் கணக்கு என்பது உறவை அரிக்கும் கரையான். கொடுப்பவர் நேராக மருத்துவமனைக்கோ அறக்கட்டளைக்கோ செலுத்திவிட்டு ரசீதைக் காட்டினால் போதும். குறை என்னவென்றால், திரட்டுவது நம் சுற்றத்தோடு நின்றுவிடும். இரண்டாவது ஆண்டு அதே பத்துப் பேரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். எங்கள் மாமா வேறு, "நடப்பதற்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாமே" என்று ஆண்டுதோறும் கேட்பார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்திட்ட முத்துலட்சுமி ரெட்டியும் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தான்; அவர் நடக்கவில்லை, 1954இல் மருத்துவமனையே எழுப்பினார். அவ்வளவு வலு நமக்கு இல்லை என்பதால்தான் நடக்கிறோம் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதில் ஓர் இடைச்செருகல், நடையைவிட முக்கியமானது. ஒரே குடும்பத்தில் இரத்த உறவில் இரண்டு பேருக்கு வந்திருந்தால், எந்த நடைக்குப் பெயர் கொடுப்பது என்று விவாதிப்பதற்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் வரை பரம்பரையாக வருபவை. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற மரபணுக்களின் கோளாறு அவற்றில் முதன்மையானது. ஆண் வழியாகவும் அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படும். இந்நோயாளிகளில் 100க்கு ஒருவரோ அதற்கும் குறைவாகவோ ஆண்கள் என்பதால் தம்பிகள் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் கேட்க நான்கு ஆண்டு தாமதித்தோம்.

நான் கடைசியில் கை காட்டியது மேலே சொன்ன மூன்றையும் அல்ல. 'ரிலே ஃபார் லைஃப்' பாணியிலான சுற்று நடை. 1985இல் கோர்டி கிளாட் என்ற அறுவை மருத்துவர் அமெரிக்காவின் டகோமா நகரில் ஓர் ஓட்டப் பாதையை 24 மணி நேரம் சுற்றிச் சுற்றி 83 மைல் ஓடி, 27,000 டாலர் திரட்டினார். அவர் தனியாகச் செய்ததை இப்போது குழுக்கள் முறை வைத்துச் செய்கின்றன. குழுவில் யாராவது ஒருவர் பாதையில் இருந்தால் போதும், மற்றவர்கள் ஓய்வெடுக்கலாம். முதல் சுற்று நோய் வந்தவர்களுக்கு. இருட்டிய பிறகு, பெயர் எழுதிய காகித உறைகளுக்குள் விளக்கு வைப்பார்கள். எல்லாப் புற்றுநோய்க்குமான நிகழ்ச்சி இது. மார்பகப் புற்றுநோய்க்கு மட்டுமே பணம் போக வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது. இரவு விழிப்பும் எல்லோருக்கும் ஆகாது.

ஆனால் பாதை வட்டமாக இருப்பதில் இருக்கும் கருணை வேறு எதிலும் இல்லை. ஒரு சுற்று நடந்துவிட்டு நாற்காலியில் உட்காரலாம், ஷூவை உதறலாம், யாரும் நம்மைக் கடந்து போய்விட மாட்டார்கள், சுற்றிக்கொண்டு மறுபடி நம்மிடமே வருவார்கள். எலும்பில் நோய் இருப்பவர் எவ்வளவு நடக்கலாம் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சித்தியின் மருத்துவர், சமதளத்தில், துணையோடு, களைப்பதற்கு முன் நிறுத்திவிடுங்கள் என்றார். சிகிச்சைக் களைப்புக்கு மிதமான நடையே நல்ல மருந்து என்றும் சொன்னார். 'களைப்பதற்கு முன் நிறுத்து' என்ற விதிக்கு நேர்கோட்டுப் பாதையில் இடமே இல்லை.

ஆகவே இந்த ஆண்டு எல்லோரும் சுற்று நடைக்கு. தம்பி அடுத்த ஆண்டு பெரியம்மாவுக்காக நீண்ட நடை போகிறான். பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் அவன் கைப்பணம், நன்கொடையில் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம். பயிற்சிக் காலத்தில் சித்தியின் மருத்துவமனை நாட்கள் வந்தால் பயிற்சி தள்ளிப்போகும்.

போன வாரம் படிவங்களை நிரப்பினோம். 'யாருக்காக நடக்கிறீர்கள்' என்ற கட்டத்தில் அக்கா, நான், தம்பி, மாமா பெண் எல்லோரும் 'சித்திக்காக', 'அத்தைக்காக' என்று எழுதிக்கொண்டு வந்தோம். சித்தியின் படிவத்தில் அந்தக் கட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை வாங்கினார். விரல் மரத்திருப்பதால் பேனாவை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. 'அக்காவுக்காக' என்று எழுதினார். பிறகு, சுற்றுகளின் எண்ணிக்கை கேட்ட இடத்தில் 1 என்று போட்டு, கொஞ்சம் யோசித்து, அதை 2 ஆக்கினார்.